வாசலில் ஒரு ஜோடி சப்பாத்து

அத்தியாயம் 7

பிரியந்தி சண்டை பிடிக்கத்தான் வந்திருந்தாள்.

கதவைத் தட்டவில்லை, தள்ளினாள். நோர்பரி கடைத்தெருவில் மீன்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில், உட்காரச் சொல்லிக் காட்டிய நாற்காலியை ஒருமுறை முறைத்துவிட்டு, நின்றபடியே ஆரம்பித்தாள்.

"இண்டைக்குச் சனி. திங்கள் காலமை என்ர மனுசன் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போகோணும். இந்தமுறை போனால் வெளிய விடமாட்டினம் எண்டு லோயர் சொல்லிப்போட்டார். நீங்கள் இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள்!"

"தேத்தண்ணி இல்லை அக்கா, கோப்பி" என்றாள் எமில்டா, ஜன்னல் ஓரத்திலிருந்து. "ஆள் இந்தியா எல்லோ. கோப்பி குடிச்சால்தான் மூளை வேலை செய்யுமாம். நான் இன்னும் பாக்கேல்லை."

நரசிம்மன் கோப்பையைக் கீழே வைத்தான். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை ஆராய்ந்தவன். அதை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவன். எமில்டா பாரிஸில் வளர்ந்து லண்டனுக்கு வந்தவள். அவளை அவன் உதவிக்கு வைத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், லண்டன் தமிழர்களில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். மீதிப் பாதி அவளோடு பேசுவதில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றான்.

"எத்தினை தரம் சொல்லுறது?"

சொன்னாள். தமிழர் சைக்கிள் சங்கம் ஒன்று கென்ட் கிராமப்புறத்தில் மூன்று நாள் சுற்றுப் பயணம் போயிருந்தது. பழைய தேவாலயங்கள், கோட்டை ஊர்கள், மலைச் சரிவுகள். எல்லாருக்கும் மொத்தமாக வாங்கிய ஒரே மாதிரிக் கறுப்புச் சைக்கிள், ஒரே ஆரஞ்சு பனியன், ஒரே ஆரஞ்சு சாக்ஸ். இரண்டாம் நாள், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, மார்லிங்ஹர்ஸ்ட் என்ற ஊரில் குன்றின் மேல் இருந்த தேவாலயத்தில் நின்றார்கள். சைக்கிள்களைப் பின்பக்கத்து மரத்தடியில் சாய்த்துவிட்டு, பக்கத்து மேட்டில் இருந்த கோட்டை இடிபாட்டைப் பார்க்க நடந்து போனார்கள். இரண்டு பேர் மட்டும் போகவில்லை. பிரியந்தியின் கணவன் சுபாஸ்கரன் தேவாலய முகப்பில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து சைக்கிள்களுக்குக் காவல். சங்கத் தலைவர் புவனேந்திரன் உள்ளே பிரார்த்தனை.

எல்லாரும் திரும்பி வந்தார்கள். படம் எடுத்தார்கள். இறக்கத்தில் சைக்கிளை விட்டார்கள். பாதிச் சரிவில் முகுந்த் என்ற இளைஞனின் முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. அவன் கல்மதிலில் மோதினான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் நெம்பை யாரோ கையால் தளர்த்தியிருக்கிறார்கள் என்றது பொலிஸ்.

"காவலுக்கு நிண்டவன்தானே கழட்டியிருப்பான் எண்டு சங்கம் முழுக்கக் கதை" என்றாள் பிரியந்தி. "கடையில என்னைக் கண்டால் சனம் மற்றப் பக்கம் திரும்புது."

"புவனேந்திரன்?"

"அவர் உள்ளுக்க நிண்டவர். சப்பாத்து வாசல்ல கிடந்தது. அதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான் எண்டு என்ர மனுசனே பொலிசுக்குச் சொல்லிப்போட்டு வந்தவர். ஒரு சொட்டுப் பொய் சொல்லத் தெரியாது. கலியாணம் பேசி வரேக்க எங்கட அப்பாவிட்ட, 'எனக்கு வேலை இல்லை மாமா, இனியும் கிடைக்குமோ தெரியாது' எண்டவர்."

"அப்பா என்ன சொன்னவர்?" என்றாள் எமில்டா.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொன்னவர். நான்தான் மறிச்சனான்." பிரியந்தி முதன்முறையாக உட்கார்ந்தாள். "பிறகு புவனேந்திரன் அண்ணையின்ர கட்டட வேலையில சேந்தார். போன மாசி மாதம் அங்க ஆரணன் எண்ட பெடியன் சாரத்தில இருந்து விழுந்து செத்தவன். அதில இருந்தே மனுசனுக்கு நித்திரை இல்லை. இப்ப இது. வாய் திறந்தால்தானே பிரச்சினை, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு எண்டு லோயர் படிப்பிச்சுவிட்டவர். அதை மட்டும் ஒழுங்காச் செய்யிறார்."

கணவனின் போனை அவள் மேசையில் வைத்தாள். அதில் சங்கத்தார் பயணத்தில் எடுத்துப் பகிர்ந்த வீடியோக்களும் படங்களும். நரசிம்மன் ஒன்றை ஓட்டினான். முதல் நாள், ஏதோ ஒரு பழைய தேவாலயம். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். அவற்றின் மேல் புவனேந்திரன் டக், டக் என்று நடந்து போகிறார். சைக்கிள் சப்பாத்தின் அடியில் இருக்கும் கொக்கி கல்லில் மோதும் சத்தம். படம் எடுத்தவனின் குரல் சிரித்தது: "அண்ணா, மெதுவா! கீழ படுத்திருக்கிறவங்க எழுந்துடப் போறாங்க!"

"இது முகுந்த்" என்றாள் பிரியந்தி.



நரசிம்மன் அடுத்த வீடியோவை ஓட்டினான். வேறு தேவாலயம், அதே டக் டக். அதற்கடுத்ததிலும் அப்படியே. மற்றவர்களில் சிலர் கோயில் வழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். புவனேந்திரன் ஒரு இடத்திலும் கழற்றவில்லை.

"எல்லா சர்ச்சுக்குள்ளயும் ஷூவோட போன மனுஷன், மார்லிங்ஹர்ஸ்ட்ல மட்டும் ஏன் கழட்டினார்?"

"பக்தி திடீரெண்டு வந்திருக்கும்" என்றாள் எமில்டா. பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "பொலிஸ் இதை யோசிக்கேல்லையோ?"

"சர்ச் வாசல்ல ஷூ கிடந்தா வெள்ளைக்காரனுக்கு அது வெறும் ஷூ. நம்ம ஆட்களுக்கு அது ஆள் உள்ள இருக்கான்னு அத்தாட்சி. ஒருத்தருக்குக் கண்ணுலயே படல. இன்னொருத்தருக்குக் கண்ணை உறுத்தல."

அவன் மேலங்கியை எடுத்துக்கொண்டான்.

*

மார்லிங்ஹர்ஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து குன்று செங்குத்தாக ஏறியது. எமில்டா ஏறி முடிக்கும்வரை புலம்பினாள். தேவாலயத்தின் கதவை ஒரு வெள்ளைக்கார மூதாட்டி பாதி திறந்து, பாதியிலேயே நிறுத்தினார். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். பெயர் மிஸஸ் ஹாலோவே.

"சைக்கிள்காரர்களா?" என்றார், எலிகளா என்று கேட்பது போல.

"இல்லை, நடந்து வந்தோம்."

"உங்கள் ஆட்கள் வந்து போனதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பொலிஸ், பத்திரிகைக்காரர்கள், பூங்கொத்துகள். பத்து நிமிடம் தருகிறேன்."

உள்ளே குளிர். தடித்த தூண்கள், மூக்கு உடைந்த கல் வீரன் ஒருவன், அவன் காலடியில் ஒரு கல் நாய். பீடத்துக்குப் பக்கத்தில், ஆள் குனிந்து போகும் உயரத்தில் ஒரு சின்னக் கதவு. அந்தக் காலத்தில் பாதிரியார் மட்டும் வந்து போன வழி. நரசிம்மன் தாழ்ப்பாளைத் தூக்கினான். சத்தமில்லாமல் திறந்தது. வெளியே ஈரப் புல். பத்தடி தள்ளி அந்த மரம். சைக்கிள்கள் சாய்ந்திருந்த மரம்.

"எமில்டா, முன்னாடி முகப்புல போய் உட்காருங்க. சுபாஸ்கரன் உட்கார்ந்த இடத்துல. நான் நடக்கறது கேட்டா சொல்லுங்க."

அவன் சப்பாத்தோடு நடந்தான்.

"கேக்குது! கலியாண வீட்டு மேளம் மாதிரிக் கேக்குது!"

சப்பாத்தைக் கழற்றி முகப்பில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனான். இப்போது எமில்டாவிடமிருந்து பதில் இல்லை. சின்னக் கதவைத் திறந்து, புல்லில் இறங்கி, மரத்தடிவரை போய், சுவரைச் சுற்றி முகப்புக்கு வந்து, அவள் தோளைத் தட்டினான்.

"யேசுவே!" அவள் துள்ளி எழுந்தாள். "உங்களுக்கு இருதயம் எண்டு ஒண்டு இருக்குதோ? எனக்கு இருக்குது, இப்ப நிண்டுபோச்சு!"

"ஷூவைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"ஓம். நீங்கள் உள்ளுக்க எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்…" அவள் குரல் மெல்ல இறங்கியது.

நரசிம்மன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். சாக்ஸ் கணுக்கால்வரை நனைந்து சேறாகியிருந்தது. புல் விதைகள் ஒட்டியிருந்தன. இந்தக் காலோடு உள்ளே போய், வெளியே வந்து, இதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எல்லாரோடும் படத்துக்கு நிற்க முடியுமா? புவனேந்திரன் சாக்ஸை என்ன செய்திருப்பார்?

யோசித்தபடியே அதே காலோடு உள்ளே நடந்துவிட்டான். மிஸஸ் ஹாலோவே தரையில் விழுந்த சேற்றுத் தடங்களைப் பார்த்துச் சீறினார்.

"நீங்களும் அதே கூட்டம்தானா? போன முறை பாட்டுப் புத்தக அலமாரிக்குப் பின்னால் அழுக்கு சாக்ஸைத் திணித்துவிட்டுப் போனார்கள். கடவுளின் வீட்டில்! நாற்றம் பிடித்த பிறகுதான் கண்டுபிடித்தேன். உங்கள் சங்கத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்."

"என்ன நிறம்?" என்றான் நரசிம்மன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார், விரல் நுனியில். உள்ளே காய்ந்த சேறு. சேற்றுக்குள் ஆரஞ்சு.

எமில்டா அவசரமாகச் சுபாஸ்கரனின் போனைத் திறந்து, இறக்கத்துக்கு முன் எடுத்த குழுப் படத்தைப் பெரிதாக்கினாள். வரிசையாகக் கால்கள். ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு. புவனேந்திரனின் சப்பாத்துக்கு மேலே மட்டும் வெறும் தோல்.

"பிடிபட்டார்!" என்றாள். படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சிரித்தாள். "முகுந்தைப் பாருங்கோ, பாவம். இவ்வளவு நெட்டை மனுசன், சீட்டோ முழங்காலுக்குக் கிட்ட. மகன்ர சைக்கிளைக் களவெடுத்துக்கொண்டு வந்த தகப்பன் மாதிரி நிக்கிறார்."

நரசிம்மன் அதைக் கேட்கவில்லை. வழக்கை விசாரிக்கும் பொலிஸ் பெண் அதிகாரியின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான்.

*

ஞாயிறு பின்னேரம் சங்கம் கூடியது, செயலாளர் சண்முகராசாவின் நோர்பரி வீட்டில். காலையில் முகுந்தின் நினைவாகச் சைக்கிள் ஓட்டிவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். முன்வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. ஹாலில் ஆரஞ்சு சாக்ஸ்கள். சுபாஸ்கரன் மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

பிரியந்தியையும் எமில்டாவையும் கூட்டிக்கொண்டு நரசிம்மன் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"வந்திட்டார் இந்தியா சிஐடி" என்றான் சுஜீத் என்ற தடியன்.

"ஆர் உங்களைக் கூப்பிட்டது?" என்றார் சண்முகராசா. "செத்த வீட்டை வித்துப் பிழைக்க வந்தனீங்களோ?"

"பத்து நிமிஷம்" என்றான் நரசிம்மன். "அதுக்குள்ள பொலிஸ் வந்துடும். அதுவரைக்கும் என்னைத் திட்டறதா, நான் சொல்றதைக் கேக்கறதா, நீங்களே முடிவு பண்ணுங்க."

சொன்னான். டக் டக் வீடியோ, கழற்றிய சப்பாத்து, சின்னக் கதவு, அலமாரிக்குப் பின்னால் கிடந்த சாக்ஸ். சொல்லி முடித்தபோது எல்லாக் கண்களும் சோபாவின் நடுவில் இருந்த புவனேந்திரனிடம் போயிருந்தன.

புவனேந்திரன் அசரவில்லை. தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஒண்டுக்குப் போனனான் ஐசே. சின்னக் கதவால பின்பக்கம் போனனான். பின்ன, சேர்ச்சுக்குள்ளயோ பெய்யிறது? சாக்ஸ் நனைஞ்சுபோச்சு, எறிஞ்சிட்டன். வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர்.

"சரி, நான்தான் கழட்டினன் எண்டு வையுங்கோ" என்றார் அவர். இப்போது சிரிப்பில்லை. "ஏன் கழட்டோணும்? முகுந்தோட எனக்கு என்ன பகை? அவன்ர பிள்ளைக்குப் பேர் வைச்சதே நான். அவன்ர பெட்டியைத் தூக்கினனான். சொல்லும், ஏன்?"

 அந்தக் காரணம் நரசிம்மனுக்கு நேற்று இரவு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.  

"வெளிய போடா!" சுஜீத் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"சுபாஸ்கரன் அண்ணை" என்றாள் எமில்டா. "ஒரு கேள்வி."

சுஜீத்தின் கை நின்றது.

"முகுந்தின்ர சைக்கிளை நீங்கள் தொட்டனீங்களோ?"

"இல்லை" என்றான் சுபாஸ்கரன்.

"பொலிசும் இதைத்தானே கேட்டது?"

"ஓம். அதுக்கும் இல்லை எண்டுதான் சொன்னனான்."

"முகுந்த் நெட்டை. படத்தில அவர் பிடிச்சுக்கொண்டு நிக்கிற சைக்கிள்ர சீட் கட்டையாக் கிடக்குது." எமில்டாவின் குரலில் விளையாட்டே இல்லை. "அண்ணை, முகுந்த் விழுந்த சைக்கிள் ஆற்ற?"

"என்ர" என்றான் சுபாஸ்கரன்.

பிரியந்தி வாயைப் பொத்தினாள்.

"அவற்ற பிரேக் சரியாப் பிடிக்கேல்லை. இறக்கமாக் கிடக்குது, நீங்கள் என்ரையைக் கொண்டுபோங்கோ, நான் உங்கடையை உருட்டிக்கொண்டு வாறன் எண்டனான். சீட்டை உயத்தட்டோ எண்டு கேட்டனான். இறக்கம்தானே, வேண்டாம் எண்டவர்."

"ஏனப்பா இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" பிரியந்தி கத்தினாள்.

"ஒருத்தரும் கேக்கேல்லை."

நரசிம்மன் சுஜீத்தின் கையைத் தன் சட்டையிலிருந்து மெல்ல விலக்கினான். "அப்போ கொல்ல நினைச்சது முகுந்தை இல்லை" என்றான்.

சுபாஸ்கரனுக்கு அது ஏறச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு தன் முதலாளியை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை. ஏதோ கணக்குப் பிழைத்ததைப் பார்ப்பவனின் முகம்.

"அண்ணை, ஆரணன்ர விசயத்துக்கோ?"

புவனேந்திரன் முன்வாசல் பக்கம் பார்த்தார்.

"சாரத்துக்கு மறிப்புக் கட்டை கட்டேல்லை. அடுத்த மாதம் விசாரணையில கேட்டால் அதைச் சொல்லுவன் எண்டு உங்களுக்கு மட்டும்தானே சொன்னனான். வேற ஆருக்கும் சொல்லேல்லையே."

"செத்தா சாட்சி போச்சு" என்றான் நரசிம்மன், யாரையும் பார்க்காமல். "தப்பித்தவறி இன்னொருத்தன் செத்தா, பழி சுமந்து உள்ள போற ஆளோட சாட்சியை யார் நம்புவாங்க? எப்படி விழுந்தாலும் லாபம்."

"விசர்க்கதை." புவனேந்திரன் எழுந்தார். நிதானமாகப் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். "பொலிஸ் வரட்டும், கதைப்பம். அதுக்குள்ள தேத்தண்ணி போடுறன். ராசா, உம்மட மனுசி கோயிலுக்கோ? சீனி எங்க கிடக்குது?"

"மேல் தட்டில" என்றார் சண்முகராசா, பழக்கத்தில்.

அவர் குசினிக்குள் போனார். அவ்வளவுதான், ஹால் வெடித்தது. ஒருவன் நரசிம்மனைத் திட்டினான். ஒருவன் சுபாஸ்கரனைப் பொய்யன் என்றான். இன்னொருவன், அவன் எப்போதாவது பொய் சொல்லிக் கேட்டிருக்கிறாயா என்று அவனைக் கேட்டான். பிரியந்தி எல்லாரையும் திட்டினாள். கேத்தல் கொதித்து, தானாகவே நின்றது. யாரும் தேநீர் ஊற்றவில்லை.

"எங்கே அவர்?" என்றான் நரசிம்மன்.

"எங்க போறது?" சண்முகராசா எரிந்து விழுந்தார். முன்வாசலைக் காட்டினார். "மனுசன் உள்ளுக்கத்தான் நிக்கிறார். சப்பாத்து கிடக்குது, பாருமன்!"

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அன்று கோட்டையிலிருந்து திரும்பி வந்து தேவாலய வாசலில் சப்பாத்தைக் கண்டவர், பொலிசிடமும் இதையேதான் சொல்லியிருந்தார்.

எல்லாரும் முன்வாசலைப் பார்த்தார்கள். புவனேந்திரனின் சப்பாத்து, ஒழுங்காக, ஜோடியாக இருந்தது. குசினிக்கு அப்பால் பின்கதவு திறந்து கிடந்தது.

தோட்டத்துக்கு ஓடினார்கள். வீட்டின் பக்கவாட்டில் தெருவுக்குப் போகும் மரக் கேட்டைப் புவனேந்திரன் இரண்டு கையாலும் உலுக்கிக்கொண்டிருந்தார். கேட்டின் மேல் தடித்த சைக்கிள் சங்கிலி ஒன்று சுற்றிப் பூட்டியிருந்தது. பக்கத்தில், கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் எமில்டா உட்கார்ந்திருந்தாள்.

"மன்னியுங்கோ அண்ணை" என்றாள். "முன்னுக்கு நிண்ட சைக்கிளில எடுத்த பூட்டு. பூட்ட ஏலும், திறக்க ஏலாது. திறப்பு ஆரிட்ட எண்டு தெரியேல்லை."

சுஜீத் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். சாவியை வெளியே எடுக்கவில்லை.

காலையில் பெய்த மழையின் ஈரம் புல்லில் இருந்தது. புவனேந்திரனின் ஆரஞ்சு சாக்ஸ் கணுக்கால்வரை சேறாகியிருந்தது. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். சண்முகராசா சுவரில் சாய்ந்துகொண்டார். தெருவில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

சுபாஸ்கரன் கடைசியாக வந்தான். முன்வாசலில் கிடந்த சப்பாத்தைக் கையில் எடுத்து வந்திருந்தான். அதைப் புவனேந்திரனின் காலடியில், கால் நுழைக்க வசதியாகத் திருப்பி வைத்தான்.

"போடுங்கோ அண்ணை, கால் நனையுது. பொலிஸ் வருகுது." அவன் நிமிர்ந்தான். "நீங்கள் எங்க நிண்டனீங்கள் எண்டு கேப்பினம். கேட்டால், இந்தமுறை கண்டதைச் சொல்லுவன்."